தங்கைக்குத் தெரிந்திருந்தது

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் நாற்பது பேர் வேலை செய்யும் சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்களில் உலோகம் கடையும்) பட்டறை நடத்துகிறோம். அப்பா தொடங்கியது, அவர் காலமான பிறகு நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். சமீபத்தில் மூன்று நல்ல ஆபரேட்டர்கள் விலகிவிட்டார்கள். போன மாதம் பாகங்களில் போட்ட துளையின் அளவு குறைந்திருந்ததால் கஸ்டமரிடமிருந்து ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. இன்சர்ட் (உலோகத்தை வெட்டும் மாற்று முனை) தேய்ந்துவிட்டதென்று இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒடிசா பையன் சூப்பர்வைசரிடம் முன்பே சொல்லியிருக்கிறான். என் காதுக்கு வரவில்லை. கணவரை இழந்து எங்களோடு இருக்கும் தங்கைதான் கணக்கு எழுதுகிறாள். இன்சர்ட் வாங்குவது குறைந்ததைப் பார்த்து அவளும் சந்தேகப்பட்டாளாம். அது வேறு கதை. எல்லோரையும் அரவணைக்கும் தலைமை பற்றிய பயிற்சிக்குப் போய்வந்து ஆலோசனைப் பெட்டி வைத்தேன். காலியாகவே கிடக்கிறது. தொழிலாளர்களைப் பேச வைப்பது எப்படி?

பதில்: அந்த ‘வேறு கதை’யிலிருந்தே தொடங்குகிறேன். உற்பத்தி குறையாமல் இன்சர்ட் செலவு மட்டும் குறைந்தால், தேய்ந்த முனையை வைத்தே மெஷினை ஓட்டுகிறார்கள் என்று பொருள். அளவு பார்க்கும் கேஜைக் கையில் எடுக்காமல், பில்களை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடித்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். ஒரே சமையலைச் சாப்பிடும் அவருடைய சந்தேகம், லாட் திரும்பி வந்த பிறகு, அதுவும் யாரோ சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவந்திருக்கிறது. தொழிலாளர்கள் ஏன் பேசவில்லை என்று என்னைக் கேட்பதற்கு முன், தங்கை ஏன் பேசவில்லை என்று அவரிடம் கேட்டீர்களா?

முதலாளியின் உடன்பிறந்தவளுக்கே வாய் திறக்க இடமில்லாத பட்டறையில், தான் எழுதிப் போடும் சீட்டு என்ன ஆகும் என்பது ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த இளைஞருக்கு நன்றாகவே தெரியும். இத்தனைக்கும் அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார். கேட்கத்தான் ஆள் இல்லை. (பெட்டியின் சாவி யாரிடம் என்று நீங்கள் எழுதவில்லை. சூப்பர்வைசரிடம் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.) ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் தவறு அதிகம் செய்தார்கள் என்பதல்ல, நடந்த தவறை மறைக்காமல் சொல்ல முடிந்தது என்பதே அவர் கண்ட காரணம். உங்களுக்கு அருகே பிடதியில் ஆலை வைத்திருக்கும் டொயோட்டாவின் முறையும் இதைச் சார்ந்ததுதான்: குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம்; குழுத் தலைவர் ஓடி வருவார்; குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். உங்கள் பட்டறையிலோ, ஒரே குறையை இரண்டு பேர் இரண்டு வழிகளில் கண்டுபிடித்தும், சரக்கு லாரி ஏறிப் போயிருக்கிறது.

தங்கை உங்களோடு இருக்கிறார் என்று ஏதோ அடைக்கலம் கொடுத்தவர்போல் எழுதுகிறீர்கள். அவருக்குச் சம்பளம் உண்டா, பதவி உண்டா என்று ஒரு வரி இல்லை. தந்தை உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் சம்பாதித்த சொத்தில் மகனுக்கு உள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு. அண்ணனுடைய கடமை சோறு போடுவதோடு முடிந்துவிடாது. அவருக்கு உரியதை அவர் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் காலத்தில் அண்ணன் என்பவருக்கு அழகாக இருந்தது. இந்தக் காலத்துக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

அதற்காக அவரைப் பெயருக்கு ஒரு பங்குதாரராக உட்கார வைத்துவிடாதீர்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் சொன்னபோது, மனைவியையோ மகளையோ போட்டுக் கணக்கைத் தீர்த்த முதலாளிகள் உண்டு. உங்கள் தங்கைக்குச் சம்பளமும், கொள்முதல் கணக்கில் தவறு கண்டால் நிறுத்திவைக்கும் அதிகாரமும், தயாரிப்புக் கூட்டத்தில் நாற்காலியும் வேண்டும். இன்னொன்றும் உண்டு: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களின் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க, மூத்த நிலையில் உள்ள பெண் ஊழியர் ஒருவரின் தலைமையில் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் சொல்கிறது. உங்கள் பட்டறையில் அப்படி மூத்த நிலையில் ஒரு பெண்ணாவது இருக்கிறாரா?

அடுத்த கூட்டத்துக்கு இன்சர்ட் கணக்கோடு தங்கையை வரச் சொல்லுங்கள். அந்த ஒடிசா இளைஞரையும், இந்தி தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வாங்குவதை ஏன் குறைத்தார் என்று சூப்பர்வைசரை அவர்கள் எதிரிலேயே கேளுங்கள். செலவைக் குறைக்கச் சொன்னதே நீங்கள்தான் என்று அவர் பதில் சொன்னால், அதையும் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.