விதியின் நிழலில் முட்டை

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஒரு கணினி விளையாட்டை உருவாக்கிவருகிறோம். நாமக்கல்லில் ஒரு ட்ரே முட்டையை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே கொண்டுசேர்க்க வேண்டும். எத்தனை முட்டை உடையாமல் தேறுகிறதோ அத்தனை மதிப்பெண். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் வெளியிடப்போகிறோம். உலக அளவில் எடுபடும் ஆங்கிலப் பெயர் தேவை. ‘ஷேடோ ஆஃப் டெஸ்டினி’, ‘எட்டர்னல் ஜர்னி: சாப்டர் ஒன்’, ‘எக்ஸ்ட்ரீம் ரைடர் இந்தியா’ என்று மூன்று பெயர்களைப் பட்டியலிட்டிருக்கிறோம். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? தமிழ்ப் பெயர் வைத்தால் வெளிநாட்டில் யாரும் சீண்டமாட்டார்கள் என்கிறான் நண்பன். உண்மையா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மூன்றையும் கிழித்துப் போடுங்கள். விளையாட்டைப் பற்றிப் படித்தபோது வந்த சிரிப்பு, பெயர்களைப் படித்ததும் நின்றுவிட்டது. ஒரு மொபெட், முப்பது முட்டை, எழுபது வளைவு. இதில் விதி எங்கே வந்தது? அதன் நிழல் எங்கே விழுந்தது?

அந்த முதல் பெயர் உங்களுடையதே அல்ல. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 2001-இலேயே அதே பெயரில் பிளேஸ்டேஷன் 2-க்கு ஒரு விளையாட்டை அமெரிக்காவில் விற்றுவிட்டது. தேடுபொறியில் தட்டியிருந்தால் முதல் பக்கத்திலேயே வந்திருக்கும். எங்கேயோ கேட்டதுபோல இருந்ததால்தான் உங்கள் மூவருக்கும் அது பிடித்துப்போயிருக்கிறது. ஷேடோ, டெஸ்டினி, எட்டர்னல், லெஜண்ட், ஆரிஜின்ஸ் ஆகிய சொற்களை எப்படிக் குலுக்கிப் போட்டாலும் ஒரு விளையாட்டின் பெயர் வந்துவிடும். எந்த விளையாட்டு என்பதுதான் யாருக்கும் தெரியாது. ‘சாப்டர் ஒன்’ பற்றி ஒரே வரி: முதல் பாகமே இன்னும் முடியவில்லை, அதற்குள் இரண்டாம் பாகத்துக்குக் கடன் வாங்காதீர்கள்.

நல்ல பெயர்கள் விளையாட்டின் உள்ளே இருந்து வருகின்றன. லூகாஸ் போப் 2013-இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ விளையாட்டில் நீங்கள் எல்லைச் சாவடியில் உட்கார்ந்திருக்கும் குடியேற்ற அதிகாரி. வரிசையில் வருபவர்களின் கடவுச்சீட்டை வாங்கி, தேதியையும் புகைப்படத்தையும் முத்திரையையும் ஒப்பிட்டு, அனுமதிப்பதா விரட்டுவதா என்று தீர்மானிக்க வேண்டும். அந்த நாற்காலியில் இருப்பவன் வாயில் நாள் முழுக்க வரக்கூடிய இரண்டு சொற்களே தலைப்பு. அதிகாரத்தின் குரலும் அதன் போலி மரியாதையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. காசு கொடுப்பதற்கு முன்பே கை என்ன செய்யப்போகிறது என்பது தெரிந்துவிடுகிறது. மைன்கிராஃப்டும் 2009-இல் ‘கேவ் கேம்’ என்றுதான் தொடங்கியது. குகையைக் காட்டிய பெயர் போய், தோண்டுவதையும் செய்வதையும் காட்டும் பெயர் வந்தது. (பிறகு ‘கிராஃப்ட்’ என்ற வாலை ஒட்டிக்கொண்டு வந்த கூட்டத்துக்குக் கணக்கில்லை. அதில் போய்ச் சேராதீர்கள்.)

மெல்பர்னைச் சேர்ந்த ஹவுஸ் ஹவுஸ் குழுவின் கதை இன்னும் வேடிக்கை. பெயர் முடிவாகாத நிலையில் ஒரு விழாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ‘அன்டைட்டில்டு கூஸ் கேம்’, அதாவது பெயரிடாத வாத்து விளையாட்டு என்று நிரப்பி அனுப்பினார்கள். அதுவே நிலைத்து, 2019-இல் அதே பெயரில் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. இதைப் படித்துவிட்டு ‘அன்டைட்டில்டு எக் கேம்’ என்று கிளம்பாதீர்கள். அந்த நகைச்சுவை ஒருமுறைதான் செல்லும்.

“‘ஜர்னி’, ‘இன்சைட்’ போன்ற பொதுப்பெயர்களும் ஜெயித்தனவே” என்று கேட்பீர்கள். 2012-இல் ‘ஜர்னி’க்குப் பின்னால் சோனி நின்றது. ‘இன்சைட்’ 2016-இல் வந்தபோது, அதே குழுவின் ‘லிம்போ’ ஆறு ஆண்டுகளாகப் பேசப்பட்டுவந்தது. அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தாலும் ரசிகர்கள் தேடிப் பிடித்திருப்பார்கள். உங்களை யாருக்கும் தெரியாது. தேடுபவர் கண்ணில் நீங்கள்தான் போய் விழ வேண்டும்.

அடுத்தது வழக்கு. ஆங்கிலத்தில் யாருக்கும் சொந்தமில்லை என்று தோன்றும் சொல்லுக்கும் வேலி போட்டு வைத்திருப்பார்கள். ‘கேண்டி கிரஷ் சாகா’ நடத்தும் கிங் நிறுவனம், ‘தி பேனர் சாகா’ என்ற பெயரைப் பதிவுசெய்ய முயன்ற ஸ்டோயிக் குழுவை, ‘சாகா’ என்ற சொல்லுக்காக அமெரிக்காவில் எதிர்த்தது. ஒன்று மிட்டாய் உடைக்கும் விளையாட்டு. மற்றொன்று வைக்கிங் வீரர்களின் போர்க்கதை. இரண்டையும் யார் குழப்பிக்கொள்வார்கள்? ஆனாலும் 2014 ஜனவரியில் வெளியே தெரிந்த தகராறு ஏப்ரலில்தான் சமரசத்தில் முடிந்தது. ‘நோ மேன்ஸ் ஸ்கை’ விளையாட்டை உருவாக்கிய ஹலோ கேம்ஸுக்கும் பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் வானம் என்ற ஒற்றைச் சொல்லுக்காக நடந்த இழுபறி மூன்று ஆண்டுகள் நீடித்து 2016-இல்தான் தீர்ந்தது. அதே ஸ்கையோடு மோதித்தான் மைக்ரோசாஃப்ட் தன் ‘ஸ்கைடிரைவ்’ சேவையை ‘ஒன்டிரைவ்’ என்று மாற்றியது. மைக்ரோசாஃப்டே இறங்கிப்போன இடத்தில், மாதச் சம்பளக்காரர்கள் மூன்று பேர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பீர்கள்?

பதிப்புரிமை வெறும் பெயரைக் காப்பாற்றாது. அதற்கு வணிகச் சின்னப் (டிரேட்மார்க்) பதிவு வேண்டும். அதில் பொருள்களையும் சேவைகளையும் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மென்பொருளுக்கு 9-ஆம் வகுப்பு, பொழுதுபோக்குச் சேவைக்கு 41. இந்தியப் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். எழுத்தை வைத்துத் தேடுவதோடு நிறுத்தாமல், ஒலிப்பு ஒற்றுமையை வைத்துத் தேடும் வசதியையும் கட்டாயம் பயன்படுத்துங்கள். எழுத்து வேறாக இருந்தும் காதுக்கு ஒன்றாகக் கேட்கும் பெயர்களால்தான் பாதி வம்பு. தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். அந்தப் பதிவு இந்தியாவுக்குள்தான் செல்லும். உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வெளியே இருப்பார்கள் என்பதால் அமெரிக்கப் பதிவகத்திலும் தேடுங்கள்; தேடுவதற்குக் காசில்லை.

உங்கள் நண்பர் சொல்வது தவறு. கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023-இல் ‘வெண்பா’வை வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் பிரியாணியும் சமைக்க வேண்டும். வெண்பா என்பது அந்தக் கதையின் நாயகி பெயர். யாப்பிலக்கணம் தெரியாத வெள்ளைக்காரர்களும் வாங்கினார்கள். 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் கிடைத்தது. நீங்கள் ஆங்கிலப் பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தமிழ் விலைபோகாது என்ற பயத்தில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

சரி, என்ன வைக்கலாம்? ‘தர்ட்டி எக்ஸ், செவன்டி பெண்ட்ஸ்’ என்பது உடனே தோன்றும். ஆங்கிலத்தில் இடைவெளியோடு சேர்த்து 26 எழுத்துகள்; பிற்பாடு கைபேசிக்குக் கொண்டுபோனால் ஆப் ஸ்டோரும் பிளே ஸ்டோரும் அனுமதிக்கும் 30-க்குள் அடங்கிவிடும். ஆனால் தொலைபேசியில் இந்தப் பெயரைச் சொல்லி, கேட்பவரைத் தட்டச்சு செய்யச் சொல்லிப் பாருங்கள். எண்ணை இலக்கத்தில் அடிப்பதா எழுத்தில் அடிப்பதா என்று தடுமாறுவார். நம் உச்சரிப்பில் முட்டையின் பன்மையும் எக்ஸ் என்ற எழுத்தும் ஒன்றாகக் கேட்கும் சங்கடம் வேறு.

எனவே ‘ஒன் எக் லெஃப்ட்’. அறுபத்தொன்பதாவது வளைவில் இருபத்தொன்பதும் நொறுங்கி, மஞ்சள் கரு மட்கார்டில் வழிய, ஒரே ஒரு முட்டை உருண்டுகொண்டிருக்கும் ட்ரேயுடன் முதல் கியரில் முக்கி ஏறுகிறவனின் நிலைமை அந்த மூன்று சொற்களில் இருக்கிறது. மொபெட்டில் கியர் கிடையாது என்று கடிதம் எழுத வேண்டாம். உங்கள் விளையாட்டில் வைத்துக்கொள்ளலாம். இந்தப் பெயரையும் அப்படியே எடுத்து ஒட்டிவிடாமல், மேலே சொன்ன தேடல்கள் அத்தனையும் முடித்த பிறகு தொடுங்கள். வேறு யாராவது முந்தியிருந்தால் விட்டுவிட்டு, மறுபடியும் அந்த ட்ரேயைப் பார்த்தபடி யோசியுங்கள்.

‘இந்தியா’ என்பதைப் பெயரில் சேர்க்க வேண்டாம். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகைகள் நிற்கின்றனவே, அவற்றைத் தமிழிலேயே வரைந்து வையுங்கள். ஊர் எது என்று கேட்பவர்கள் அங்கே படித்துக்கொள்ளட்டும்.