ஐந்து மருந்துகள் சேர்ந்தால் பலனும் ஐந்து மடங்கா?

கேள்வி: எழுபது வயதான என் மாமனாருக்கு டி.எல்.பி.சி.எல். என்னும் லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்). ஆர்-சாப் என்னும் கூட்டு மருந்துச் சிகிச்சை முடிந்த எட்டாம் மாதமே நோய் திரும்பிவிட்டது. அமெரிக்காவில் ஐந்து மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அவற்றை இங்கேயே வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உறவினர் குறிப்பிடுவது, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2024இல் முடிவுகளை வெளியிட்ட 'வைபோர்' ஆய்வாக இருக்க வேண்டும். வெனிடோகிளாக்ஸ், இப்ருடினிப், பிரெட்னிசோன், ஒபினுடுசுமாப், லெனலிடோமைட் ஆகியவையே அந்த ஐந்து மருந்துகள். ஒரு வழியை அடைத்தால் புற்றணு வேறொரு வழியில் பிழைத்துக்கொள்கிறது என்பதால், பல வழிகளையும் ஒரே சமயத்தில் அடைத்துப் பார்த்தார்கள். மதிப்பிட முடிந்த 48 டி.எல்.பி.சி.எல். நோயாளிகளில் 38 விழுக்காட்டினருக்கு நோயின் அடையாளம் முழுவதும் மறைந்தது. ஏற்கெனவே சிகிச்சை பலிக்காதவர்கள் என்பதால் இது சிறிய பலன் அல்ல. ஆனால் அப்படி மறைந்தவர்கள் அனைவரும் குறிப்பிட்ட சில உட்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் என்பதையும், இரண்டாண்டு உயிர்வாழ்வு 36 விழுக்காடாகவே இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு சிகிச்சை பெற்ற குழு ஒன்றும் இல்லை.

வீட்டிலேயே கொடுப்பது கூடவே கூடாது. முதற்கட்டத்தில் 20 பேருக்கு வெனிடோகிளாக்ஸின் அளவைப் படிப்படியாக உயர்த்தியபோது, ஒருவருக்கு மண்டையோட்டுக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டது; வெள்ளணுக்களும் தட்டணுக்களும் பலருக்குக் குறைந்தன. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், இப்ருடினிப் கசிவு அபாயத்தை மேலும் கூட்டும்.

உங்கள் மாமனாரின் வயதைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது வேறோர் ஆய்வு. 838 பேர் பங்கேற்ற 'ஃபீனிக்ஸ்' ஆய்வில், புதிதாக நோய் கண்டவர்களுக்கு ஆர்-சாப்புடன் இப்ருடினிப்பைச் சேர்த்தார்கள். அறுபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது உதவியது. அதற்கு மேற்பட்டவர்களுக்கோ பக்கவிளைவுகள் மிகுந்து, பலரால் ஆர்-சாப் சுற்றுகளையே முடிக்க இயலவில்லை. சேர்த்த மருந்து, அடிப்படைச் சிகிச்சையையே கெடுத்துவிட்டது.

ஆகவே, பயாப்சி அறிக்கையில் உட்பிரிவு என்னவென்று எழுதியிருக்கிறது என்பதைக் குருதிப் புற்றுநோய் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். ஜெம்சிடபின், ஆக்சாலிபிளாட்டின் என்னும் கீமோ மருந்துகளுடன், நோயெதிர்ப்பு அணுக்களைப் புற்றணுவின் மீது ஏவும் கிளோஃபிட்டமாப் சேர்த்த சிகிச்சை, ஒப்பீட்டுக் குழுவோடு 274 பேரிடம் சோதிக்கப்பட்டு, வாழ்நாளைக் கூட்டியதாக 2024இல் வெளிவந்திருக்கிறது. அதுவோ, நோயாளியின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்களை மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையோ, இங்கு நடக்கும் ஆய்வு ஏதேனுமோ அவருக்குப் பொருந்துமா என்றும் அப்போதே விசாரியுங்கள்.