சனிக்கிழமை வகுப்பில் வாய் திறக்க முடியவில்லை

கேள்வி: எனக்கு 43 வயது. பிளஸ் டூ படித்திருக்கிறேன். மில்லில் கணக்குப் பிரிவில் உதவியாளர் வேலைக்கு முயற்சி செய்யலாம் என்று மூன்று மாதக் கணினிப் பயிற்சியில் சேர்ந்தேன். வாரத்தில் நான்கு நாள் வீட்டிலேயே வீடியோ பாடம், சனிக்கிழமை மட்டும் நேரில் வகுப்பு. வீட்டில் கணினி இல்லை, போனில்தான் பார்க்கிறேன். எக்செல் தொடங்கியதிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. வகுப்பில் எல்லோரும் இருபது வயதுப் பிள்ளைகள். சார் "புரியுதா?" என்று கேட்டால் தலையாட்டிவிடுகிறேன். இரண்டு வாரப் பாடம் பாக்கி. சில வருடங்களுக்கு முன் மத்திய அரசின் டிஜிட்டல் சாட்சரதா (கணினி, இணைய அறிமுகம்) பயிற்சியில் சான்றிதழ் வாங்கினேன், அதுவும் மறந்துபோனது. வயதாகிவிட்டதா? நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: நிறுத்த வேண்டாம் சகோதரி. உங்கள் தடுமாற்றத்துக்குக் காரணம் வயது அல்ல. வீட்டில் கணினி இருக்கிறது, வீடியோவைப் பார்த்துக்கொண்டே கூடவே செய்து பார்ப்பார்கள் என்ற நினைப்பில்தான் இப்படிப்பட்ட பயிற்சிகளை அமைக்கிறார்கள். அந்தக் கணினி உங்களிடம் இல்லை. பாதிப் பயிற்சி உங்கள் கைக்கு வரவே இல்லை என்பதுதான் உண்மை.

எக்செல்லில் ஒரு கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னச் சதுரத்தை மௌஸால் பிடித்துக் கீழே இழுத்தால் கணக்கு வரிசையாக நிரம்பும். இதை நூறு முறை போனில் பார்த்தாலும் கை பழகாது. போனில் இருக்கும் எக்செல் செயலியில் போட்டுப் பார்க்கலாம் என்றால், அங்கே மெனு வேறு இடத்தில், வேறு அமைப்பில் இருக்கும். குழப்பம்தான் கூடும். நீச்சலைக் கரையில் உட்கார்ந்து கற்க முடியாது, இல்லையா?

பழைய சான்றிதழுக்காகவும் வருந்தாதீர்கள். 2017இல் தொடங்கிய அந்தத் திட்டம் கிராமத்தில் வீட்டுக்கு ஒருவர், 14 முதல் 60 வயது வரை, மொத்தம் 20 மணி நேரம் என்ற கணக்கில் நடந்தது. மின்னஞ்சல், இணையத்தில் தேடுவது, பணம் அனுப்புவது, அரசு சேவைகளைப் பெறுவது, இவைதான் அதன் நோக்கம். இன்றைக்குப் போனில் பயமில்லாமல் பணம் அனுப்புகிறீர்கள் என்றால் அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. அலுவலகக் கணக்கு வேலைக்கு அது போதாது, அவ்வளவுதான்.

இப்போது செய்ய வேண்டியது, சனிக்கிழமையை முழுக்கக் கை வேலைக்கு ஒதுக்குவது. பயிற்சி மையத்தில் பேசி, வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் கணினியில் உட்கார அனுமதி கேளுங்கள். கேட்டால்தான் தெரியும், காலியாகக் கிடக்கும் கணினியைத் தர பெரும்பாலும் தயங்க மாட்டார்கள். வார நாளில் பக்கத்து நூலகத்தில் பொதுமக்களுக்குக் கணினி உண்டா என்றும் விசாரியுங்கள். வீட்டில் வீடியோ பார்க்கும்போது எல்லாவற்றையும் நோட்டில் எழுதாதீர்கள். எந்த நிமிடத்தில் புரியாமல் போனதோ, அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். யூடியூபில் வந்தால் வேகத்தை 0.75 என்று குறைத்துப் பார்க்கலாம்.

அப்புறம், தலையாட்டுவதை இந்தச் சனிக்கிழமையோடு விட்டுவிடுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால் முதல் நாள் இரவே வாட்ஸ்அப்பில் ஆசிரியருக்கு எழுதுங்கள்: "சார், மூன்றாவது பாடம், ஏழாவது நிமிடம், நீங்கள் ஸம் ஃபார்முலா போட்ட இடம் புரியவில்லை. வீட்டில் கணினி இல்லை." இவ்வளவு தெளிவாகச் சொன்னால் நல்ல ஆசிரியர் அங்கிருந்தே வகுப்பைத் தொடங்குவார். அதே இடத்தில் முழிக்கும் இருபது வயதுப் பிள்ளைகளும் அந்த அறையில் இருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

செய்து பார்க்க உங்கள் வீட்டுக் கணக்கையே எடுங்கள். பால், கேஸ், பள்ளிக் கட்டணம், குழுக் கடன் தவணை என்று ஒரு மாதச் செலவு. தவறினால் கன்ட்ரோல் இசட் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும், எதுவும் கெட்டுப்போகாது. பக்கத்தில் உட்காருபவர் உதவ வந்தால், மௌஸை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். வாயால் சொல்லச் சொல்லி நீங்களே செய்யுங்கள்.

பாக்கி நிற்கும் இரண்டு வாரமா? ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களில், 12 வாரப் பாடம் என்றால் நன்றாகச் செய்த 8 வார ஒப்படைப்புகளைத்தான் மதிப்பெண்ணுக்கு எடுக்கிறார்கள். படிப்பவருக்குச் சில வாரம் தவறும் என்று அவர்களே எதிர்பார்க்கிறார்கள். நீங்கள் விட்டதை எல்லாம் பிடித்துவிட்டுத்தான் முன்னே போக வேண்டும் என்று உட்காராதீர்கள். இந்த வாரப் பாடத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். பழையதில் கூட்டல், வரிசைப்படுத்தல் இரண்டை மட்டும் முதலில் பாருங்கள்.

இவ்வளவு கேட்டும் மையம் அசையவில்லை என்றால், கட்டிய பணத்தோடு முழுக்க நேரில் நடக்கும் அடுத்த பிரிவுக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.