பாகம் பிரித்த நிலம்: பாசன வாய்க்காலைத் தூர்த்தால் என்ன செய்வது?

கேள்வி: காட்டுமன்னார்கோவில் அருகே வீராணம் ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு நஞ்சை இருக்கிறது. 1986இல் பாகம் பிரித்தபோது சித்தப்பாவுக்குப் போன நிலத்தின் வழியாகத்தான் எங்களுக்குத் தண்ணீர் வருகிறது. அதை வாங்கியவர் கடந்த தை மாதம் வாய்க்காலைத் தூர்த்துவிட்டார். "என் கிரயப் பத்திரத்தில் வாய்க்காலே இல்லை, போர் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். நாங்களே வெட்டித் திறந்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து மண்வெட்டியை எடுக்காதீர்கள். உரிமை உங்களுடையதே என்றாலும் தடையை நீங்களே அகற்றக் கூடாது என்கிறது அடுத்தவர் நிலத்தின் மீது நமக்குள்ள வழி, நீர் போன்ற உரிமைகளைப் பற்றிய 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 36ஆவது பிரிவு. வரப்புத் தகராறு அடிதடியானால் நியாயம் உள்ளவர்தான் ஜாமீனுக்கு அலைவார்.

முதலில் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்ப் பதிவேடு) வாங்குங்கள். வாய்க்கால் புறம்போக்கு, அதாவது அரசு நிலம், என்று இருந்தால் தூர்த்தது ஆக்கிரமிப்பு. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் போதும்.

பட்டா நிலத்துக்குள் ஓடும் வாய்க்கால் என்றால்தான் வேலை அதிகம். வெளிப்படையாக, தகராறின்றி, உரிமையோடு 20 ஆண்டுகள் இடைவிடாமல் தண்ணீர் பாய்ச்சியிருந்தால் வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு உங்களுக்குப் பாத்தியதை தருகிறது. நிலம் கைமாறியதாலோ, கிரயப் பத்திரம் எழுதியவர் வாய்க்காலைக் குறிப்பிடாமல் விட்டதாலோ அது அழியாது. பாகம் பிரித்த நிலங்களுக்கு 13ஆவது பிரிவும் துணை நிற்கும். ஆனால் அதில் இன்றியமையாத தேவையை அடிப்படையாகக் கொண்ட வாதம், உங்கள் நிலத்தில் போர் இருந்தால் தளரும். 15ஐயே பெரிதும் நம்புங்கள். சித்தப்பா அனுமதித்ததால்தான் தண்ணீர் வந்தது, உரிமையால் அல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதற்குப் பதில் உங்கள் பாகப் பத்திரத்தில் இருக்கலாம்: "மாமூல் நீர்ப்பாசன பாத்தியங்கள் உள்பட" என்ற வரியைத் தேடுங்கள். ஏரிப் பாசனம் என்று பதிவான பழைய அடங்கல்களையும் (கிராமச் சாகுபடிக் கணக்கு) சேர்த்து வையுங்கள்.

வீராணம் முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. 1836இல் கொள்ளிடத்தில் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்கு நீர் வருகிறது. அந்த நீரை முறைப்படுத்திப் பங்கிடும் அதிகாரத்தை வசதியுரிமைச் சட்டத்தின் 2ஆவது பிரிவு அரசுக்கே விட்டுவைத்திருக்கிறது. இடையில் நிலம் வாங்கிய ஒருவர் ஆயக்கட்டு விவசாயியின் தண்ணீரை மறிப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

உரிமையியல் நீதிமன்றத்தில் வாய்க்காலை மீட்டுத்தரும் செயலுறுத்துக் கட்டளை (எதிர்த்தரப்பை அதைச் செய்யச் சொல்லும் உத்தரவு) கேளுங்கள். தூர்த்த தடம் உழவில் மறைவதற்குள் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் வந்து பார்வையிட மனுப் போடுங்கள். அடைத்தது தெரிந்தும் ஓராண்டு பேசாமல் இருந்தால் இடையூறுக்கு இணங்கியதாகிவிடும். எனவே அடுத்த தை பிறக்கும் முன் வக்கீல் நோட்டீஸும் போய், வழக்கும் தாக்கலாகியிருக்க வேண்டும்.