சுவருக்கு மேல் ஒரு மூக்கு

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது அஸ்ஸாமின் லெடோவில் இருந்த என் தாத்தாவின் தகரப் பெட்டியில், மூடியின் உட்புறம், சுவரைப் பற்றியபடி நீண்ட மூக்கைத் தொங்கவிட்டு எட்டிப் பார்க்கும் ஒரு மொட்டைத் தலை வரையப்பட்டிருக்கிறது. கீழே, ‘கில்ராய் இங்கே இருந்தான்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. யார் இந்தக் கில்ராய்? ஹிட்லர் அவனை உளவாளி என்று சந்தேகித்தாராமே?

— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: படமும் வாசகமும் ஒரே வயிற்றில் பிறந்தவை அல்ல. படத்தில் இருப்பவர் இங்கிலாந்துக்காரர். அங்கே அவர் பெயர் சாட். போரினால் உணவுப் பொருள்கள் பங்கிட்டுக் கொடுக்கப்பட்ட காலத்தில், ‘என்ன, சர்க்கரை இல்லையா?’ என்று சுவர்தோறும் கேட்டுக்கொண்டிருந்தவர். வாசகம் அமெரிக்கப் படைவீரர்களுடையது. போர்க்களத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

கில்ராய் என்று பலர் உரிமை கோரினாலும், அதிகம் நம்பப்படுபவர் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குவின்சி கப்பல் தளத்தில் முடிந்த வேலையைச் சரிபார்ப்பவராக இருந்த ஜேம்ஸ் கில்ராய். இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிப்பவர்களுக்கு எண்ணிக்கைப்படி கூலி என்பதால், எண்ணி முடித்த இடத்தில் போட்ட சுண்ணக்கட்டிக் குறியைச் சிலர் அழித்துவிட்டு மறுபடியும் எண்ண வைத்தார்கள். (தேங்காய்க் களத்தில் எண்ணிய குவியலுக்கு அடையாளம் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) அதனால் அவர் அந்த வாசகத்தையே முழுதாக எழுதத் தொடங்கினாராம். போர் அவசரத்தில் வண்ணம் பூசாமலே கப்பல்கள் புறப்பட்டதால், ஆள் நுழைய முடியாத மூலைகளிலும் அந்தப் பெயரைக் கண்ட வீரர்கள், தமக்கு முன்பே எங்கும் போய்விடும் ஒருவனாக அவனைக் கற்பித்து, தாம் இறங்கிய கரைகளிலெல்லாம் எழுதிவைத்தார்கள். 1946-இல் அமெரிக்கப் போக்குவரத்துச் சங்கம் நடத்திய போட்டியில் அவரே உண்மையான கில்ராய் என்று ஏற்கப்பட்டு, பரிசாக ஒரு டிராம் வண்டியைப் பெற்றார். அவருடைய கதை பொருத்தமாக இருக்கிறது. ஆனால் ஐயமற நிறுவப்பட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஹிட்லர் கதையும், 1945-இல் ஜெர்மனியில் நேச நாட்டுத் தலைவர்கள் கூடிய போட்ஸ்டாம் மாநாட்டின் கழிவறையிலிருந்து வெளியே வந்த ஸ்டாலின் ‘யார் அந்தக் கில்ராய்?’ என்று கேட்டதாகச் சொல்லப்படும் கதையும், வீரர்கள் தங்கள் நாயகனுக்குக் கட்டிய புராணங்கள் என்றே கொள்ள வேண்டும்.

லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவை நோக்கிப் போட்ட லெடோ சாலையை அமைத்ததில் அமெரிக்கப் பொறியாளர் படைக்குப் பெரும்பங்கு உண்டு. தாத்தாவின் பெட்டிக்குள் கில்ராய் அந்த வழியாகத்தான் நுழைந்திருப்பான். பெட்டிக்குப் புதிதாக வண்ணம் பூசுவதானால், மூடியின் உட்புறத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.