பூனையின் காதில் எதையும் ஊற்றுவதற்கு முன்

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு விலங்கு கிளினிக்கில் பல வருடம் உதவியாளராக வேலை பார்த்தேன். இப்போது வீட்டில் ஐந்து பூனைகள். நான் டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தர மாட்டேன். ஆனால் பூனைக் காதுகளை நிறைய பார்த்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஆயர் ஈத்தாம் தம்பி: அக்கா, கடை முன் அஞ்சடி நடைபாதையில் கிடந்த குட்டி ஒன்றை எடுத்து வந்தேன். காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கருப்பு அழுக்கு. ஓயாமல் சொறிகிறது. தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து ஊற்றச் சொல்கிறார் அம்மா.

வேண்டாம் தம்பி. அம்மா சொல்வது அன்பால்தான். நானும் அதையே செய்தவள். என் முதல் பூனை செல்லம்மாவுக்கு மூன்று ராத்திரி வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டேன். நாலாவது நாள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நடந்தாள். அவளுக்குக் காதின் சவ்வு ஏற்கெனவே கிழிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. எண்ணெய் அப்படியே உள்ளே போய்விட்டது. சாகும்வரை அவள் தலை நேராகவே இல்லை.

பூனையின் காதுக்குழாய் 'ட' எழுத்து மாதிரி. முதலில் நேராகக் கீழே இறங்கும், பிறகு உள்பக்கம் திரும்பும். சவ்வு இருப்பது அந்தத் திருப்பத்துக்கு அப்பால். வெளியிலிருந்து டார்ச் அடித்தால் தெரியாது. டாக்டர் கருவி வைத்துத்தான் பார்க்க முடியும்.

உங்கள் குட்டிக்குப் பெரும்பாலும் காதுப் பூச்சிதான். மலாய்க்காரர்கள் 'குத்து தெலிங்கா' என்பார்கள். அந்த அழுக்கில் கொஞ்சம் பஞ்சில் எடுத்து, கருப்புத் தாளில் தட்டி, விளக்கடியில் உற்றுப் பாருங்கள். ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். நகரவில்லை என்பதற்காகப் பூச்சி இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது.

இப்போது பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து டாக்டர் தருவார். முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாவதற்குச் சுமார் மூன்று வாரம் ஆகும். சொறிவது நின்றதும் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த மாதம் அதே கதை. அப்புறம் இன்னொன்று: வீட்டில் வேறு பூனை, நாய் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மருந்து போடணும். ஒன்றுக்கு மட்டும் பார்த்தால் மற்றதிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

செந்தூல் அக்கா: என் பூனைக்கும் காதில் அழுக்கு. ஆனால் பழுப்பாகப் பிசுபிசுவென்று, புளித்த வாடை. நாய்க்கு வாங்கிய காது மருந்து பாதி மிச்சம் இருக்கிறது, விடலாமா?

விடாதீர்கள் அக்கா. வாடையோடு பிசுபிசுப்பு என்றால் ஈஸ்ட் கிருமியாக இருக்கலாம். மஞ்சளாகச் சீழ் வந்தால் பாக்டீரியா. டாக்டர் அழுக்கைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தச் சோதனையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். என்னைக் கேட்டால், செலவு செய்ய வேண்டிய இடமே அதுதான்.

சில காது மருந்துகளில் ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் இருக்கும். சவ்வு கிழிந்த காதில் விட்டால் கேட்கும் சக்தியையே கெடுக்கலாம். நாய்க்கான உண்ணி மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனையைக் கொன்றுவிடும். ஆகவே நாய் மருந்தை நாயோடு வையுங்கள்.

ஈஸ்ட் சும்மா வராது. தோல் அலர்ஜி, பழைய பூச்சித் தொல்லை, உள்ளே வளர்ந்த சதை என்று அடியில் ஏதாவது இருக்கும். இரண்டு மூன்று தடவை திரும்பி வந்தால் அந்தக் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். கோலாலம்பூர் பக்கம் இருப்பதால், தேவைப்பட்டால் செர்டாங்கில் இருக்கும் புத்ரா மலேசியா (யூபிஎம்) பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனைக்கு எழுதித் தரும்படி உங்கள் டாக்டரிடம் கேட்கலாம்.

பட்டர்வொர்த் அண்ணன்: வெள்ளைப் பூனை, வயது எட்டு. காது ஓரத்தில் பொருக்கு கட்டி, உதிர்ந்து, மறுபடி கட்டுகிறது. இரண்டு மாதமாக ஆறவில்லை.

அண்ணே, இதைத் தள்ளிப்போடாதீர்கள். வெள்ளைப் பூனையின் காது நுனியில் முடி குறைவு, நிறமும் இல்லை. நம் ஊர் வெயில் வருடக்கணக்கில் அதன்மேல் விழுந்தால் தோல் புற்றுநோய் வரலாம். ஆரம்பத்தில் பார்த்தால் காதின் ஓரத்தை வெட்டியெடுத்துக் காப்பாற்றிவிடலாம்.

கடுமையாகச் சொறிந்து, பொருக்கு முகத்துக்கும் பரவினால் சொறிப் பூச்சியாக இருக்கலாம். அது நமக்கும் அரிப்பு தரும். மூக்கிலும் காலிலும் சேர்ந்து ஆறாத புண் என்றால் ஸ்போரோட்ரைகோசிஸ் என்ற பூஞ்சை நோயா என்று கேளுங்கள். மலேசியப் பூனைகளிடம் இருப்பதுதான், கீறினாலும் கடித்தாலும் மனிதருக்குத் தொற்றும். தெரியும்வரை கையுறை போட்டுத் தொடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் தங்கை: ராத்திரி நன்றாக இருந்த காது காலையில் பூரி மாதிரி உப்பியிருக்கிறது!

தலையை வேகமாக உதறியதில் உள்ளே ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் தேங்கியிருக்கும். ஊசியால் குத்திவிடாதே அம்மா, சீழ் பிடிக்கும். டாக்டர் ரத்தத்தை எடுப்பார். ஏன் உதறியது என்பதையும் பார்க்கச் சொல்.

கிள்ளான் சாலை தம்பி: ஒரு வயதுப் பூனை. தலை சாய்ந்திருக்கிறது, வட்டமாகச் சுற்றுகிறது, கண் இட வலமாகத் துடிக்கிறது. வலிக்குப் பனடோல் கால் மாத்திரை கொடுக்கலாமா?

கூடவே கூடாது! பனடோல் பூனைக்கு விஷம், கால் மாத்திரையும் உயிருக்கு ஆபத்து. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்த நிமிடமே கிளம்புங்கள், கொடுத்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கொடுக்காவிட்டாலும் இன்றைக்கே போகணும். நோய் நடுக்காது, உட்காதுவரை போயிருக்கும்போது இப்படி ஆகும். தூங்கும்போது குறட்டை விடுமா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இளம் பூனைகளுக்கு நடுக்காதில் சதை வளர்ந்து தொண்டைவரை வருவதுண்டு.

புக்கிட் மெர்தாஜாம் அக்கா: வாரம் ஒருமுறை காட்டன் பட் வைத்துச் சுத்தம் செய்கிறேன். சரிதானே?

சுத்தமான காதை அப்படியே விடுங்கள் அக்கா. காட்டன் பட் அழுக்கை உள்ளே தள்ளும். டாக்டர் சவ்வைப் பார்த்துவிட்டுக் கழுவச் சொன்னால் மட்டும் இப்படிச் செய்யுங்கள்: மருந்துப் புட்டியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குங்கள், சில்லென்று விட்டால் பூனை அடுத்த முறை கிட்டவே வராது. துண்டில் சுற்றி மடியில் வையுங்கள். சொன்ன அளவு விட்டு, காதின் அடியில் விரலால் பிசையுங்கள். 'சளக் சளக்' என்று கேட்கும். கையை எடுத்ததும் பூனை தலையை உதறும். உள்ளே இருந்த அழுக்கு மேலே வருவதே அந்த உதறலில்தான். பிறகு கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் பஞ்சால் துடையுங்கள்.

ஜெலுத்தோங் தங்கை: எங்கள் ஃப்ளாட் கீழே வரும் பூனைக்குக் காது நுனி நேராக வெட்டுப்பட்டிருக்கிறது. யாராவது கொடுமை செய்தார்களா?

பயப்படாதே. தெருப்பூனைக்குக் கருத்தடை செய்துவிட்டு, திரும்பப் பிடிக்காமல் இருக்க மயக்கத்திலேயே போடும் அடையாளம் அது. ரத்தமோ வீக்கமோ இல்லையென்றால் மருந்து எதுவும் வேண்டாம். சாப்பாடு வை, போதும்.