குட்டி ஸ்பீக்கர் கேள்வி-பதில்: கச்சேரியும் ஜாஸும் கேக்குறவங்களுக்கு

கே: 10க்கு 12 அடி ரூம், கர்நாடிக் தான் அதிகம். 5 இன்ச் ஊஃபரா (ஸ்பீக்கர்ல இருக்குற பெரிய கோன்), 6.5ஆ?

ப: 5 போதும். குரல், வயலின் எல்லாம் பெரும்பாலும் மிட்ரேஞ்ச்ல (நடுத்தர அலைவரிசையில) தான், அது சுத்தமா வரணும். 70கள்ல பிபிசி தன்னோட ஒலிபரப்பு வேனுக்குன்னு டிசைன் பண்ண எல்எஸ்3/5ஏலயும் 5 இன்ச் தான், இன்னைக்கும் குரலுக்காக அதைத் தேடி வாங்குறாங்க.

கே: ஜாஸ்ல டபுள் பேஸ் முழுசா வருமா?

ப: அதோட அடி ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், 5 இன்ச் 60 கிட்டயே இறங்க ஆரம்பிச்சிடும். ஆனா 82, 123ல ஹார்மோனிக்ஸ் (அதோட மடங்கு அதிர்வுகள்) வர்றதால நோட் என்னன்னு காதுக்குத் தெரிஞ்சிடும். நெஞ்சுல அதிரணும்னா சப்வூஃபர் தான், அதுவும் சீல்டு (காத்து போற ஓட்டை இல்லாம மூடின பெட்டி).

கே: நல்ல ஸ்பீக்கரா ஒண்ணு சொல்லுங்க சார்.

ப: ரூம் சைஸ் இல்ல, பட்ஜெட் இல்ல, ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) என்னன்னும் இல்ல. எப்படிங்க சொல்றது? எங்க வைக்கப் போறீங்கன்றதையும் சேர்த்து எழுதுங்க.

கே: கடையில பிரமாதமா இருந்துச்சு, வீட்ல மிருதங்கம் தொப்பி (இடது பக்கம்) கொழகொழன்னு இருக்கு. டிவி ஷோகேஸ்ல வச்சிருக்கேன். மாத்திடலாமா?

ப: ஸ்பீக்கரை மாத்தாதீங்க, இடத்தை மாத்துங்க! வாராவாரம் இதே கடிதம், ஆயிரக்கணக்குல செலவு பண்ணி வாங்கி கொண்டுபோய் ரெண்டு பொம்மைக்கு நடுவுல திணிச்சிடுறாங்க, பின்னாடி போர்ட் (காத்து போற ஓட்டை) இருக்கு, அதுக்கு மூச்சு விட இடமே இல்ல, சுவர் ஒட்டி இருந்தா பேஸ் தானா ஏறும், ஷோகேஸ் பலகையும் கூட அதிரும், அப்புறம் தோம் எங்க முடியுது அடுத்த அடி எங்க ஆரம்பிக்குதுன்னு எப்படித் தெரியும்? ஸ்டாண்ட் போடுங்க, ட்வீட்டர் (மேல் சத்தம் தர்ற சின்ன பாகம்) நீங்க உக்காந்தா காது உயரத்துக்கு வரணும், சுவர்ல இருந்து ஒண்ணு ஒன்றரை அடி தள்ளி, ரெண்டுக்கும் நடுவுல 6 அடின்னா நீங்களும் கிட்டத்தட்ட 6 அடியில. தனி ஆவர்த்தனத்துலயே வித்தியாசம் தெரியும். வீட்ல ஸ்டாண்டுக்கு ஒத்துக்கலைன்னா போர்ட்ல ஃபோம் அடைச்சுப் பாருங்க, இனிமே வாங்குறவங்க சீல்டு இல்லன்னா முன்பக்க போர்ட் பாத்து வாங்குங்க. முதல்ல இடம், அப்புறம் தான் மாடல்.

கே: ஸ்பீக்கர் 100 வாட், ஆம்ப் 40. எரிஞ்சிடுமா?

ப: எரியாது. 100ன்றது அது தாங்குற அளவு. சத்தம் பத்தலைன்னு வால்யூமை முழுசா திருகி ஆம்ப் கிளிப் ஆனா (சக்திக்கு மீறி சத்தம் சிதைஞ்சா) தான் ட்வீட்டர் போகும். வாட்டை விட்டுட்டு சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வருதுன்றது) பாருங்க, 89 டெசிபலுக்கு 10 வாட் போதும்னா அதே சத்தத்துக்கு 83க்கு 40 வேணும்.

கே: விலை கூடின கேபிள் வாங்கலாமா?

ப: வேண்டாம். 10, 15 அடிக்கு 16 கேஜ் சாதா காப்பர் ஒயர் போதும். அந்தக் காசுல ஸ்டாண்ட் வாங்குங்க.